ஆறு, கடல், வயல், வயிறு: பொருள்கள் உறிஞ்சப்படுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியை எங்கள் ஊரில் வாவி என்று சொல்பவர்கள் குறைவு. 'ஆறு' என்பதே வழக்கு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் அந்த ஆற்றுக்கு ஒரு பக்கம் கடலை அடுத்த எழுவான்கரை, மறுபக்கம் வயலும் குளமுமாய் விரியும் படுவான்கரை. உயர்தர உயிரியல் வகுப்பில் மாணவர்கள் கேட்டவையும், அவர்களை அழைத்துச்செல்ல வந்த பெற்றோர் வாசலில் நின்றபடி கேட்டவையுமான சில கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கலைச்சொற்கள் நமது பாடநூல்களில் உள்ளபடியே இருக்கின்றன.

ஆற்றில் விட்டதைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அது இல்லாமற் போய்விடும் என்பது சரிதானா?

சரியன்று. உறிஞ்சப்பட்ட பொருள் அழிவதில்லை. அது இடம் மாறுகிறது, சில வேளைகளில் வடிவமும் மாறுகிறது. வயலில் இட்ட யூரியா அமோனியமாகிப் பயிருக்குள் போகலாம், பயிர் எடுக்காமல் விட்டது வாய்க்கால் வழியே ஆற்றுக்கு வந்து அல்கா எனும் பாசிக்குள் போகலாம், அல்காவைத் தின்ற மீனின் தசைக்குள்ளும் போகலாம். ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாமற் போனால் 'எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?' என்று கேட்கப் பழகிக்கொண்டால், கீழே வரும் விடைகளில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்று இரண்டு சொற்கள் எதற்கு?

ஒரு பொருள் மற்றொன்றின் உள்ளே புகுந்து பரவினால் அகத்துறிஞ்சல். மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டால் புறத்துறிஞ்சல். நீர் வடிகட்டியில் உள்ள கரி நிறத்தையும் மணத்தையும் பிடித்து வைப்பது புறத்துறிஞ்சல். காய்ந்த பயறு ஊறிப் பருப்பது அகத்துறிஞ்சல். இயற்கையில் இரண்டும் கலந்தே நடக்கின்றன. வேரின் மேல் முதலில் ஒட்டிய ஓர் அயன் (மின்னேற்றமுள்ள துணிக்கை) பிறகு உள்ளே போகலாம், அல்லது ஒட்டியபடியே நின்றுவிடலாம். தேர்வுத் தாளில் இந்த வேறுபாட்டுக்குப் புள்ளி உண்டு என்பதற்கு மேல் இதை நீட்டத் தேவையில்லை.

உயிருள்ள கலம் தனக்கு வேண்டியதை மட்டும் எப்படித் தெரிந்தெடுக்கிறது?

கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு கொழுப்பாலானது. ஒட்சிசன், காபனீரொட்சைட்டு போன்ற சிறிய வாயு மூலக்கூறுகள் அதனூடாகத் தாமாகவே பரவிச் செல்லும். செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போவதற்கு அவற்றுக்கு யாருடைய உதவியும் வேண்டியதில்லை. நீரும் உப்பு அயன்களும் குளுக்கோசும் அப்படி அல்ல. நீர் பெருமளவில் விரைவாகக் கடப்பதற்கென்று தனிப் புரதக் கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பீற்றர் ஏகருக்கு 2003 இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அயன்களைச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தள்ளுவதற்கு ஆற்றல் செலவாகும் 'பம்பிகள்' வேண்டும். 1957 இல் யென்சு ஸ்கௌ விவரித்த சோடியம் பொற்றாசியப் பம்பி ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் உங்கள் உடலின் கலங்களில் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது.

ஆனால் 'தெரிந்தெடுக்கிறது' என்ற சொல்லைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். வாசற்புரதம் ஆள் பார்த்து விடுவதில்லை. உருவமும் மின்னேற்றமும் பொருந்தினால் விட்டுவிடும். நல்ல பொருளைப் போலத் தோற்றமளிக்கும் கெட்ட பொருளும் அதே வாசலால் நுழைந்துவிடும். வயல் பற்றிய கேள்வியில் இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு வருகிறது.

முகத்துவாரம் வெட்டியவுடன் ஆற்று நீரின் உப்பு மாறுகிறதே, மீன்கள் எப்படித் தாங்குகின்றன?

மாரி மழையில் ஆறு நிரம்பிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் நீர் ஏறும்போது பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் கடலுக்கு இறங்கும். வெள்ளம் வடிந்தபின் கடல் நீர் உள்ளே ஏறும். கோடையில் வெயிலில் நீர் ஆவியாகிப் போக உப்பு மேலும் கூடும். ஒரே இடத்தில் நிற்கும் மீன் ஒரே ஆண்டுக்குள் ஏறக்குறைய நன்னீரையும் ஏறக்குறையக் கடல் நீரையும் சந்திக்க நேரிடும்.

கடல் நீரின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. என்புமீன்களின் குருதியில் இருப்பது அதில் மூன்றிலொரு பங்கு அளவே. எனவே நன்னீரில் நிற்கும் மீனின் உடலுக்குள் பிரசாரணத்தால் (மென்சவ்வினூடாக உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் கடப்பதால்) நீர் இடைவிடாமல் புகுந்துகொண்டிருக்கும், உப்பு கசிந்து வெளியேறும். அது நீரைக் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். நீர்த்த சிறுநீரைப் பெருமளவில் கழித்துக்கொண்டு, பூக்களில் (செவுள்களில்) உள்ள சிறப்புக் கலங்களால் நீரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்ளும். கடலில் நிலைமை தலைகீழ். அங்கே உடலிலிருந்து நீர் வெளியே இழுபடும். மீன் கடல் நீரைக் குடிக்கும், மிகுந்த உப்பைப் பூக்களின் வழியாகவே வெளியே தள்ளும். சந்தையில் மீன் புதிதா என்று பார்க்கச் செவியைத் தூக்கிப் பார்க்கிறோமே, அந்தச் சிவந்த பூவில்தான் மூச்சும் உப்புக் கணக்கும் சேர்ந்து நடக்கின்றன. திலாப்பியா, பாலை மீன் போன்றவை இந்தக் கலங்களின் வேலையைச் சில நாட்களுக்குள் ஒரு திசையிலிருந்து மற்றத் திசைக்கு மாற்றவல்லவை. அவை ஆற்றில் எங்கும் நடமாடுகின்றன. மாற்ற இயலாதவை மேலே குளத்துப் பக்கமோ கீழே கடற்பக்கமோ நகர்ந்துவிடும், நகர முடியாவிட்டால் சாகும்.

சுறா வேறு வழியைக் கைக்கொள்கிறது. தன் உடலிலேயே யூரியாவைத் தேக்கி வைத்துக் குருதியின் செறிவைக் கடல் நீருக்குச் சமமாக்கிக்கொள்வதால் அதற்கு நீர் இழப்பு இல்லை. இறந்தபின் பற்றீரியாக்கள் அந்த யூரியாவை அமோனியாவாக மாற்றும். பழுதாகத் தொடங்கிய சுறாவில் மூக்கைத் துளைக்கும் மணம் வருவது அதனால்தான்.

உப்பு நீரில் கண்டலும் கண்ணாவும் எப்படிச் செழிக்கின்றன?

இரண்டும் இரண்டு வழியில். கண்டல் வேரிலேயே உப்பைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தி, நீரை மட்டும் உள்ளே இழுக்கிறது. கண்ணாவோ ஒரு பங்கு உப்பை உள்ளே விட்டு, பிறகு இலையில் உள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. மழையில்லாத ஒரு நாள் நண்பகலில் ஆற்றோரக் கண்ணா இலையொன்றைப் பறித்து நாவால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் பொடிப் பளிங்குகள் மினுங்குவதையும் காணலாம். மாணவர்களை நான் முதலில் அழைத்துச் செல்லும் 'ஆய்வுகூடம்' அந்த மரந்தான். செலவில்லாதது.

சில விடியற்காலைகளில் மீன்கள் செத்து மிதப்பது ஏன்? யாராவது நஞ்சு கலந்தார்களா?

நஞ்சு என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒட்சிசனைப் பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் வளியில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. 30 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் கரைத்து வைத்திருக்கக்கூடியது 7.5 மில்லிகிராம் அளவே. கடல் நீரில் அது 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். நீர் சூடானாலும் உப்பானாலும் கரைதிறன் குறைகிறது. போதாததற்கு, ஒட்சிசன் நீரில் பரவும் வேகம் வளியில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காற்றும் அலையும் இல்லாத இரவில் மேற்பரப்பிலிருந்து கீழே போய்ச் சேர்வது சொற்பம்.

வயலிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் வரும் நைதரசனையும் பொசுபரசையும் உண்டு பெருகிய அல்கா, பகலில் ஒளித்தொகுப்பால் ஒட்சிசனைக் கொட்டும். இரவில் அதுவும் சுவாசித்து அதே ஒட்சிசனை இழுக்கும். விடியுமுன் நீரில் மிகக் குறைவாக எஞ்சியிருக்கும். கோடை முடிந்து விழும் முதற் பெருமழை அழுகற் பொருள்களை அடித்துக்கொண்டு வந்தாலோ அடிச்சேற்றைக் கலக்கிவிட்டாலோ நிலைமை கெடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவது முதல் அறிகுறி. நஞ்சாலும் மீன் சாகும், மறுக்கவில்லை. ஆனால் விடியலில் தொடங்கி வெயிலேற ஓய்ந்துபோகும் சாவுக்கு ஒட்சிசன் பற்றாக்குறையே முதலில் ஐயுறத்தக்க காரணம்.

கடல் காபனீரொட்சைட்டை உறிஞ்சுகிறது என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

வாயுவொன்று திரவத்தில் கரையும் அளவு, அத்திரவத்தின் மேல் அவ்வாயு செலுத்தும் அமுக்கத்துக்கு விகிதசமம் என்பது 1803 இல் வில்லியம் கென்றி சொன்ன விதி. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் நுரை எழுவது அவ்விதியின் மறுபக்கம். கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்கு அளவில் இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. மேலே அமுக்கம் கூடக் கூடக் கடலுக்குள் இறங்குவதும் கூடுகிறது.

ஆனால் ஒட்சிசனைப் போல வெறுமனே கரைந்து நிற்பதாக இருந்தால் கடலால் இவ்வளவு கொள்ள முடியாது. கரைந்த காபனீரொட்சைட்டு நீருடன் சேர்ந்து காபோனிக் அமிலமாகி, உடனே ஐதரசன் அயனாகவும் இருகாபனேற்று அயனாகவும் பிரிகிறது. இப்படி வடிவம் மாறிவிடுவதால் 'கரைந்த வாயு' என்ற கணக்கில் இடம் மீண்டும் காலியாகிறது; மேலிருந்து இன்னும் இறங்கலாம். கடலில் கரைந்துள்ள கனிமக் காபனில் ஏறத்தாழ 90 சதவீதம் இருகாபனேற்றாகவே இருக்கிறது, வாயுவாக இருப்பது 1 சதவீதம் அளவில். மொத்தக் கணக்கில் வளிமண்டலத்தில் உள்ள காபனைப் போல ஏறத்தாழ 50 மடங்கைக் கடல் வைத்திருக்கிறது.

அப்படியானால் மனிதர் வெளிவிடும் முழுவதையும் கடலே விழுங்கிவிடும் என்று 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பலர் நம்பினார்கள். உறிஞ்ச உறிஞ்ச மேலும் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும் என்பதை 1957 இல் றொஜர் றெவெலும் கான்சு சூசும் எடுத்துக்காட்டினார்கள். மறு ஆண்டே கவாய்த் தீவின் மௌனலோவா மலையில் சாள்சு கீலிங் வளியை அளக்கத் தொடங்கினார். அந்த அளவீடு இன்றும் தொடர்கிறது. இப்போது மனிதர் வெளிவிடுவதில் ஏறத்தாழக் காற்பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. மேல்நீர் ஆழ்கடலோடு கலந்து திரும்பப் பல நூற்றாண்டுகள் பிடிப்பதால் அவசரத்துக்கு அதனால் கூடுதலாக எடுக்க முடிவதில்லை.

கல்லடிக் கடற்கரையில் கால் நனைக்கும்போது உங்கள் முன்னால் இருப்பது வெதுவெதுப்பான கடல். குளிர்ந்த நீரே வாயுவை நன்றாகக் கரைக்கும். ஆகவே உறிஞ்சலில் பெரும் பங்கு வட அத்திலாந்திக்கிலும் அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த தென் சமுத்திரத்திலும் நடக்கிறது. வெப்பவலயத்தில் ஆழ்நீர் மேலெழும் சில இடங்களில் கடல் காபனீரொட்சைட்டைத் திருப்பி வெளிவிடவும் செய்கிறது.

இத்துடன் உயிர்கள் செய்யும் வேலையும் உண்டு. மிதக்கும் நுண்தாவரங்கள் ஒளித்தொகுப்பால் காபனைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. உலகின் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி அவற்றுடையது. அவற்றைத் தின்றவற்றின் எச்சமும் செத்த உடலும் கீழே இறங்கும்போது ஒரு சிறு பங்கு காபன் ஆழத்துக்குப் போய்விடுகிறது.

கடல் அமிலமாகிவிட்டதா? குளிக்கலாமா?

தாராளமாகக் குளிக்கலாம். மேற்பரப்பு நீரின் பீ.எச். பெறுமானம் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 க்கு மேல் காரம்) ஏறத்தாழ 8.2 இலிருந்து 8.1 ஆக இறங்கியிருக்கிறது. இன்னும் அது காரப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் இந்த அளவுகோல் மடக்கை அளவுகோல் (ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு) என்பதால், சிறிதாகத் தோன்றும் இந்த இறக்கம் ஐதரசன் அயன்களில் ஏறத்தாழ 30 சதவீத அதிகரிப்பைக் குறிக்கிறது. அந்த அயன்கள் காபனேற்றைப் பிடித்துக்கொள்வதால், பாசிக்குடாவின் முருகைக்கல் உயிரிகளும் சிப்பிகளும் கல்சியங் காபனேற்றால் உடற்கூட்டைக் கட்டுவது கடினமாகிறது. முருகைகள் வெளிறுவது இதனால் அன்று, வெப்பத்தால். மனிதரால் மிகையான வெப்பத்தில் 90 சதவீதத்தைக் கடலே உறிஞ்சியிருக்கிறது. நீர் சூடேறும்போது முருகைகள் தம்முள் வாழ்ந்து உணவூட்டும் அல்காக்களை வெளியேற்றிவிடுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிற மாணவர்கள் பலர்.

படுவான்கரை வட்டைகளில் நெற்பயிர் உரத்தை மட்டுந்தான் உறிஞ்சுகிறதா?

இல்லை. நீர் தேங்கிய வயலில் ஒட்சிசன் குறைவு. அங்கே நைத்திரேற்று நிலைக்காமல் நைதரசன் வாயுவாகிப் பறந்துவிடும்; நெல் பெரும்பாலும் அமோனியத்தையே எடுத்துக்கொள்கிறது. யூரியா நெல்லுக்கு உதவுவது அது மண்ணில் அமோனியமாக மாறுவதால்தான். நெல் பேராசையோடு உறிஞ்சும் இன்னொன்று சிலிக்கன். இலையும் தாளும் விறைப்பாக நிற்பதற்கும், இலை விளிம்பு கையைக் கீறுவதற்கும் அதுவே காரணம்.

சிக்கல் இங்கேதான். நீர் தேங்கிய மண்ணில் ஆசனிக்கு எனும் நச்சுப் பொருள் இருந்தால் அது கரைந்து, சிலிக்கன் அமிலத்தின் தோற்றத்தை ஒத்த ஒரு வடிவத்தை எடுக்கிறது. சிலிக்கனுக்கென்று வேரில் இருக்கும் வாசற்புரதம் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. கோதுமையைவிட அரிசியில் ஆசனிக்கு கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான். அப்படியானால் வயலை வற்றவிடலாமே என்றால், வற்றிய மண்ணில் கட்மியம் எனும் நச்சு உலோகம் இளகி வேருக்குள் போகும். ஒன்றை அடைத்தால் மற்றது திறக்கிறது. மாறி மாறி நனைத்தும் வற்றவிட்டும் நீர் பாய்ச்சும் முறையை ஆய்வாளர்கள் பரிந்துரைப்பதற்கு நீர்ச் சிக்கனத்தோடு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் மண்ணில் இவை அபாய அளவில் இருக்கின்றன என்று இதை வாசித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். நெல்லின் இயல்பைச் சொன்னேன். நிறைய நீரில் சோறாக்கிக் கஞ்சி வடிக்கும் பழைய முறை, சமைக்கும் நீர் சுத்தமாயின், அரிசியில் உள்ள ஆசனிக்கில் ஒரு பங்கை வெளியேற்றும். கூடவே சில விற்றமின்களும் போகும். கஞ்சியைக் குடித்தால் இரண்டும் திரும்பி வரும்.

ஆற்றுவாழை நீரைச் சுத்திகரிக்கிறதாமே, அதை ஏன் அகற்றுகிறார்கள்?

ஆற்றுவாழை நீரில் மிதந்து வளரும் ஆகாயத்தாமரை. அதன் தொங்கும் வேர்கள் நைதரசனையும் பொசுபரசையும் ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களையும் இழுப்பது உண்மை. ஆனால் ஆற்றிலேயே செத்து அழுகினால் எடுத்ததெல்லாம் அப்படியே நீருக்குத் திரும்பிவிடும், அழுகுவதற்கு ஒட்சிசனும் செலவாகும். வாரிக் கரையேற்றினால் மட்டுமே அது சுத்திகரிப்பு. நல்ல ஊட்டம் கிடைத்தால் ஓரிரு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி என்பதால், தோணி ஓடவும் வலை வீசவும் இடமில்லாமற் செய்துவிடும். இலங்கையில் இதற்கெதிராக 1909 இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வாரியதைப் பசளையாக்குவோர், கழிவுநீர் வாய்க்கால் வாயிலில் வளர்ந்ததைத் தவிர்ப்பது நல்லது.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டுக் கொடுக்கலாமா? இரசம் இருக்கிறதாமே?

இங்கே சொல்லப்படுவது சோற்றில் ஊற்றும் இரசமன்று, உலோக இரசம். உடைந்த வெப்பமானியின் இரசத்தை விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை. ஆனால் நீரடிச் சேற்றில் பற்றீரியாக்கள் அதை மெதயில் இரசமாக மாற்றிவிட்டால், உணவோடு வருவதில் 95 சதவீதம் அளவை அதே குடல் உறிஞ்சிவிடும். பொருள் ஒன்றுதான், வடிவம் வேறு. யப்பானின் மினமாட்டாவில் 1956 இல் வெளிப்பட்ட நோய் இதனால் வந்தது.

சிறு மீன் எடுத்ததைப் பெரிய மீன் தின்று தன் தசையில் சேர்க்கிறது. நீண்ட காலம் வாழும் பெரிய சுறாவில் பல ஆண்டுச் சேமிப்பு இருக்கும். தசையில் புரதத்தோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் அவித்தாலும் போகாது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் பெரிய சுறாவைத் தவிர்க்கும்படி பல நாடுகளின் உணவுப் பாதுகாப்பு நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. குட்டிச் சுறாவில் சேர்ந்திருப்பது அதைவிடக் குறைவு. நெத்தலி, சாளை போன்ற சிறு மீன்கள் இவ்விடயத்தில் இன்னும் நல்லவை. புட்டுக்கு அவை ஒத்துவராது என்று அம்மம்மாமார் சொன்னால் அதற்கு என்னிடம் விடையில்லை.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோசுப் பொதி) கொடுக்கிறார்கள். வெறும் நீர் போதாதா?

சிறுகுடலின் சுவரில் ஒரு கடத்திப் புரதம் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது. ஒன்றில்லாமல் மற்றதை எடுக்காது. அவை உள்ளே போனால் பின்னால் நீர் பிரசாரணத்தால் போகும். கொலராவில் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாசல் பழுதாவதில்லை. 1971 இல் வங்காள அகதி முகாமில் திலீப் மகலனபிசு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெருமளவில் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தது இந்த வாசலை நம்பித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கலவையில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும், இவற்றுடன் பொற்றாசியம் குளோரைட்டும் சித்திரேற்றும் உள்ளன.

பொதியில் எழுதியுள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். 'சத்தாக இருக்கட்டும்' என்று கூடுதலாகச் சீனி போட்டால் கரைசல் குருதியைவிடச் செறிவாகி, நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டும். இனிப்புச் சோடாவும் அதே வேலையைச் செய்யும். இளநீரில் பொற்றாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு, ஜீவனிக்கு ஈடாகாது.

சுனாமிக்குப் பின் கிணறுகளை இறைத்தும் உப்புப் போகவில்லையே, ஏன்?

2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறிய எழுவான்கரை நிலம் மணற்பாங்கானது. அம்மணலில் மழைநீர் ஊறி, உப்பு நீரின் மேல் மெல்லிய வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் இலேசானது என்பதால், கோட்பாட்டளவில் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். அதே கணக்கின்படி மேலே சிறிது குறைந்தாலும் கீழே உப்பு நீர் பெரிதாக மேலெழும். கிணற்றில் தேங்கிய சேற்றையும் கடல் நீரையும் அகற்ற ஒருமுறை இறைத்தது சரி. திரும்பத் திரும்பப் பம்பி வைத்து இறைத்தபோது எஞ்சியிருந்த நன்னீரும் போய், அடியிலிருந்த உப்பு மேலே வந்தது. மணலில் ஊறிய உப்பைக் கீழே தள்ளியது அடுத்தடுத்து வந்த மாரி மழைகளே. இப்போதும் கடலோரக் கிணற்றில் கோடையில் நீர் கரித்தால், பெரிய பம்பியை நிறுத்திவிட்டு வாளியால் கொஞ்சங் கொஞ்சமாக மேல்நீரை அள்ளுங்கள். கொதிக்க வைப்பதால் உப்புப் போகாது. நீர் ஆவியாக ஆக மேலும் கரிக்கும்.